கூரையில்லாத அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

கோவாவுக்குப் போகும் நம் ஊர்க் குடும்பங்கள் பெரும்பாலும் கடற்கரை, பழைய கோவா தேவாலயங்கள், மாண்டவி ஆற்றில் படகு என்று மூன்று நாளை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. டபோலிம் விமான நிலையத்தை ஒட்டி, போக்மாலோ கடற்கரைக்குப் போகும் சாலையில், இந்தியக் கடற்படையின் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. 1998 அக்டோபரில் திறந்தார்கள். கட்டடத்துக்குள் எஞ்சின்கள், குண்டுகள், கப்பல் மாதிரிகள் எல்லாம் உண்டு. ஆனால் அதன் உயிர் வெளியேதான். புல்தரையில், வெயிலில், கடற்காற்றில், ஒரு காலத்தில் கடற்படைக்காகப் பறந்த விமானங்கள் வரிசையாக நிற்கின்றன.

போன டிசம்பரில் நாங்கள் ஆறு பேர் போனோம். நான், கணவர், மாமனார், மாமியார், பத்து வயது மகள், ஐந்து வயது மகன். அரை மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டுப் போனவர்கள் மூன்று மணி நேரம் இருந்தோம். சிலவற்றைச் சரியாகச் செய்தோம், சிலவற்றைத் தவறாகச் செய்தோம். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

திங்கட்கிழமை போகாதபடி திட்டமிடுங்கள். அன்று விடுமுறை. நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும் என்பதால், தங்கும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்று டிக்கெட்டைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் கோவாவுக்கு இரண்டு விமான நிலையங்கள். வடக்கே மோபாவில் புதியது, தெற்கே டபோலிமில் பழையது. டபோலிமில் இறங்கினால் அருங்காட்சியகம் பக்கத்திலேயே. மோபாவில் இறங்கினால் கோவாவின் மறுகோடி வரை வர வேண்டும். அப்படியானால் வந்த அன்றே போக நினைக்காமல் தெற்குக் கோவாவில் தங்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்கள் வாஸ்கோவில் இறங்கலாம்.

காலையில் திறந்ததும் போய்விடுங்கள். வெட்டவெளி அருங்காட்சியகத்தில் நிழல் என்பது றெக்கையின் அடியில் விழுவதுதான். டிசம்பரிலும் கோவா வெயில் சுள்ளென்று அடிக்கும். எல்லோருக்கும் தொப்பி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பருத்தி உடை, மூடிய செருப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது போகிறீர்கள் என்றால் குடையைவிட மழைக்கோட்டு நல்லது. குழந்தையின் கையைப் பிடிக்க உங்களுக்கு ஒரு கை வேண்டும்.

மூன்று விமானங்களை மட்டும் முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள். பெயர்ப்பலகையைப் படித்து, ஒரு போட்டோ எடுத்து, அடுத்ததற்கு நகர்ந்து, கடைசியில் குழந்தையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், "ப்ளேன்" என்று சொல்லும். ஒரு விமானத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மூக்கிலிருந்து வால் வரை ஒருமுறை சுற்றி வாருங்கள். பிறகு குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். விமானத்தின் ரகசியங்கள் பெரும்பாலும் வயிற்றுக்குக் கீழேதான் இருக்கின்றன.

நாங்கள் பார்த்த மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, சீ ஹாக். ஒற்றை ஆள் ஓட்டும் பிரிட்டிஷ் ஜெட். 1960 முதல் 1983 வரை நம் கடற்படையில் பறந்தது. ஜெட் விமானம் என்றால் வாலில் ஒரு பெரிய ஓட்டை, அதிலிருந்து நெருப்பு என்றுதான் குழந்தைகள் படம் வரைவார்கள். சீ ஹாக்கின் வாலில் அப்படி ஓட்டையே இல்லை. மகளிடம், "புகை எந்தப் பக்கமா வரும்னு கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு நான் சும்மா நின்றேன். இரண்டு முறை சுற்றி வந்தாள். மூன்றாவது முறை றெக்கை உடம்போடு சேரும் இடத்தில், பின்பக்கம், ஒரு வாயைக் கண்டுபிடித்தாள். மறுபக்கம் ஓடிப்போய் அங்கேயும் ஒன்று இருக்கிறது என்று கத்தினாள். எஞ்சினிலிருந்து வரும் குழாய் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் வெளியேறுகிறது. அதனால் வால்பகுதி காலியாகி, கூடுதல் எரிபொருளுக்கு இடம் கிடைத்தது. இதைப் பலகையில் படித்திருந்தால் அன்றே மறந்திருப்பாள்.

அதே சீ ஹாக்கில் இன்னும் இரண்டு காட்டுங்கள். ஒன்று, றெக்கை மடியும் இடம். றெக்கை விரிந்திருந்தாலும் கூர்ந்து பார்த்தால் நடுவே கீல் தெரியும். என் மாமியார்தான் முதலில் பார்த்தார். "இது நம்ம வீட்டு அலமாரிக் கதவுக் கீலாட்டம் இருக்குதே" என்றார். அதேதான். கப்பலில் இடம் கிடையாது. கோழி றெக்கையை மடக்கிக்கொண்டு கூண்டுக்குள் நுழைவதுபோல, இவை மடக்கிக்கொண்டு லிப்டில் இறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போகும். இரண்டாவது, வால்பக்கத்துக் கொக்கி. விமான நிலைய ஓடுபாதை இரண்டு, மூன்று கிலோமீட்டர் நீளம். பழைய விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மொத்த நீளமே 200 மீட்டரைச் சற்றுத் தாண்டும். அதிலும் ஒரு பகுதியில்தான் இறங்க முடியும். தளத்தில் குறுக்கே கட்டிய கம்பி வடத்தில் இந்தக் கொக்கி மாட்டினால் விமானம் நிற்கும். மாட்டாவிட்டால் வேகம் குறையாமல் மறுபடி மேலே எழும்ப வேண்டும், இல்லையென்றால் கடல். 1961 மே 18 அன்று விக்ராந்தில் முதல் ஜெட்டை இறக்கியவர் தாஹிலியானி என்ற விமானி. பின்னாளில் அவரே கடற்படைத் தளபதி ஆனார். இதைச் சொன்ன பிறகு அந்தக் கொக்கியை என் மகள் பார்த்த விதமே வேறு.

இரண்டாவது, சீ ஹாரியர். 1983 டிசம்பரில் கோவாவுக்கு வந்தது, 2016 மே மாதம் இங்கேயே ஓய்வு பெற்றது. அந்தரத்தில் நின்று செங்குத்தாக இறங்கக்கூடிய போர் விமானம். பக்கவாட்டில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு வாய்கள் இருக்கும். அவை திரும்பக்கூடியவை. பின்னோக்கித் திரும்பினால் விமானம் முன்னே போகும், தரையை நோக்கித் திரும்பினால் அந்தரத்தில் நிற்கும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். தண்ணீர் ஒரு பக்கம் பீய்ச்ச, குழாய் நம் கையை எதிர்ப்பக்கம் தள்ளும். சக்கரங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னுமாக நடுக்கோட்டில் இருப்பவைதான் பாரத்தைத் தாங்குகின்றன. றெக்கை நுனியில் ஒல்லியான கால்களில் இரண்டு சின்னச் சக்கரங்கள். என் மகன் பார்த்த உடனே, "என் சைக்கிள்ல இருக்கற மாதிரியே" என்றான். விழாமல் இருக்கப் பக்கத்தில் மாட்டும் அதே சக்கரம், அதே வேலை.

மூன்றாவது, சூப்பர் கான்ஸ்டலேஷன். இதைத் தேட வேண்டாம், கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். றெக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 37 மீட்டருக்கு மேல். நான்கு எஞ்சின், எஞ்சினுக்குப் பதினெட்டு சிலிண்டர். வாலில் ஒன்றுக்குப் பதில் மூன்று துடுப்புகள். அந்தக் காலக் கொட்டகைகளின் உயரத்துக்குள் நுழைய வேண்டும் என்பதால், உயரமான ஒரு துடுப்பை மூன்று குட்டைத் துடுப்புகளாகப் பிரித்தார்கள். 1950களில் ஏர் இந்தியா பயணிகளை ஏற்றிக்கொண்டு லண்டன் போன வகை விமானம் இது. பிறகு விமானப்படைக்குப் போய், 1976இல் கடற்படைக்கு வந்து, கடலுக்கு மேல் மணிக்கணக்கில் ரோந்து சுற்றியது. பட்டுச்சேலை கட்டிய பணிப்பெண்கள் நடந்த விமானம் ராடாரைக் கட்டிக்கொண்டு காவலுக்குப் போனது என்று மாமியாருக்குச் சொன்னேன். அவருக்கு அன்று மிகவும் பிடித்தது இதுதான்.

நேரம் இருந்தால் நான்காவதாகச் சீலேண்டைப் பாருங்கள். படகின் வயிறும் விமானத்தின் றெக்கையும் கொண்டது. தண்ணீரிலும் இறங்கும், தரையிலும் இறங்கும். 1953இல் கடற்படை தன் விமானப் பிரிவைத் தொடங்கியபோது முதலில் வந்தவை இவைதான். உலகில் மொத்தம் கட்டியதே சுமார் இருபத்தைந்து. வாம்பயர் பயிற்சி விமானத்தையும் விடாதீர்கள். ஜெட் என்றாலும் அதன் முன்னுடம்பு மரம், ப்ளைவுட்டும் பால்சா மரமும் ஒட்டிச் செய்தது. காமோவ் ஹெலிகாப்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காத்தாடிகள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். அதனால் வாலில் சின்னக் காத்தாடி தேவைப்படவில்லை, உடம்பும் குட்டையாகிக் கப்பலில் அடங்கியது.

வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள், ஓரத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமான வரி இது.

என் மாமனாருக்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் வலி. வாசலிலேயே, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க அம்மிணி, நான் இங்கயே உக்காந்துக்கறேன்" என்றார். நாங்களும் சரி என்றுதான் போனோம். அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்தால் அவர் சீ ஹாக்கின் முன்னால் நிற்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அண்ணாந்து.

"இத நான் சின்னதுல பாத்திருக்கறேன் அம்மிணி. எங்கூருக்கு மேல போவும். சத்தம் கேட்டா பள்ளிக்கூடத்துல எல்லாரும் வெளிய ஓடியாந்துருவோம். வாத்தியாரும் வந்துருவாரு."

அவர் ஊர் சூலூர்ப் பக்கம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோவாவில் இருக்கும் ஐ.என்.எஸ். ஹன்சா என்ற கடற்படை விமானத்தளம் பிறந்தது கோவாவில் இல்லை. 1961 செப்டம்பர் 5 அன்று கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூரில்தான் அதைத் தொடங்கினார்கள். அப்போது கோவா போர்த்துகீசியர் கையில் இருந்தது. அந்த டிசம்பரில் கோவா விடுதலையான பிறகு, 1962இல் டபோலிம் கடற்படைக்கு வந்தது. 1964 ஜூனில் ஹன்சா சூலூரிலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. அதுவரை சீ ஹாக்கும் அலிசே என்ற இன்னொரு கடற்படை விமானமும் வாம்பயரும் கொங்கு நாட்டு வானத்தில்தான் பயிற்சி எடுத்தன. மாமா சொன்ன பள்ளிக்கூடத்துச் சத்தம் அதுதான். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதிமூன்று வருடம் ஆகிறது. ஒருமுறைகூட இதை அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அதனால், வெயில் தாங்காது என்றால் குடை பிடித்து மெதுவாக நடத்திப் போங்கள். சக்கர நாற்காலி தேவைப்பட்டால் தங்கும் விடுதியில் கேட்டு வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். மடக்கு ஸ்டூல் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. விமானத்துக்கு விமானம் போட்டு உட்காரலாம். பெரியவர்களிடம் சின்ன வயதில் விமானம் பார்த்தீர்களா என்று கேளுங்கள். வேலூர், அரக்கோணம் பக்கத்துக்காரர்கள் 1992 முதல் அரக்கோணத்தில் இருக்கும் ராஜாளி கடற்படை விமானத்தளத்திலிருந்து எழும்பிய டியூ-142 என்ற பிரம்மாண்டமான விமானத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த வகையில் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. தாம்பரம், மீனம்பாக்கம், தஞ்சாவூர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விமானம் இருக்கும்.

அங்கே பணியில் இருப்பவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள், கேளுங்கள். "இதுல எது ரொம்பக் கஷ்டமான வேலை?" என்று என் மகள் இந்தியில் தட்டுத் தடுமாறிக் கேட்டாள். அங்கே நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே, "ராத்திரியில் கப்பலில் இறங்குவது" என்றார். பறப்பவர்கள் மட்டுமல்ல, எண்ணெய் போட்டவர்கள், நட்டு முறுக்கியவர்கள், தளத்தில் கொடி காட்டியவர்கள் என்று ஒரு விமானத்துக்குப் பின்னால் பலர் உண்டு. அவர்களைப் பற்றியும் கேளுங்கள்.

பெண் குழந்தை இருந்தால் ஒன்று சொல்ல மறக்காதீர்கள். 2019 டிசம்பர் 2 அன்று சிவாங்கி என்ற பெண் அதிகாரி இந்தியக் கடற்படையின் முதல் பெண் விமானி ஆனார். இந்தப் புல்தரையில் நிற்கும் விமானங்களில் பெரும்பாலானவை பறந்த காலத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாதது.

செய்யக்கூடாதவை

கை வைக்காதீர்கள். இதைச் சும்மா ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை.

விமானத்தின் தோல் அலுமினியக் கலவைத் தகடு. எடை குறைய வேண்டும் என்பதற்காக முடிந்தவரை மெல்லியதாகச் செய்தது. அலுமினியத்துக்கு எமன் உப்பு. கடலிலிருந்து வீசும் காற்றில் உப்பு இருக்கிறது, நம் உள்ளங்கை வியர்வையிலும் உப்பு இருக்கிறது. சீ ஹாக்கின் பக்கவாட்டில் ஒரு இடத்தில் பெயின்ட் குமிழ் குமிழாக எழும்பியிருந்ததை மகளுக்குக் காட்டினேன், அம்மை கண்டதுபோல. ரிவெட் தலைகளைச் சுற்றி வெள்ளையாக, நீறு பூத்தது மாதிரி ஒரு பொடி. உள்ளே தகடு அரித்துக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. வண்ணம் பூசினாலும் கடற்காற்று விடாது. கப்பலில் இருந்த காலத்தில் ஆட்கள் ஓயாமல் கழுவித் துடைத்து எண்ணெய் பூசினார்கள். இப்போது வருடக்கணக்காக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. இதன் மேல் ஒரு நாளைக்கு நூறு கை பட்டால் என்ன ஆகும் என்று குழந்தையிடமே கேளுங்கள். "தொடாதே" என்று பத்து முறை அதட்டுவதைவிட அந்தக் குமிழை ஒருமுறை காட்டுவது போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. பத்து மணிக்கு மேல் அந்தத் தகடு தோசைக்கல் மாதிரி சுடும்.

ஏறாதீர்கள், தொங்காதீர்கள், குழந்தையைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். மூக்கிலோ றெக்கையிலோ நீட்டிக்கொண்டிருக்கும் ஒல்லிக் குழாயைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடிக்கிறார்கள். காற்றின் அழுத்தத்தை வைத்து வேகத்தைக் காட்டும் குழாய் அது. லேசாக வளைந்தாலும் போச்சு. விமானங்களில் "நோ ஸ்டெப்" என்று எழுதிய இடங்கள் இருக்கும். விமானத்தில் வேலை செய்பவர்களே அங்கே கால் வைக்க மாட்டார்கள். நாம் ஏன் வைக்க வேண்டும்? காத்தாடியைக் கையால் சுழற்றிப் பார்ப்பதும் கூடாது. படிக்கட்டு வைத்து உள்ளே விடுகிறார்கள் என்றால் மட்டும், அவர்கள் சொன்ன வழியில் ஏறி இறங்குங்கள்.

பின்னால் நகர்ந்துகொண்டே போட்டோ எடுக்காதீர்கள். முழு விமானமும் படத்தில் வர வேண்டும் என்று கேமராவில் கண்ணை வைத்தபடி பின்வாங்கிய என் கணவர், அடுத்த விமானத்தின் றெக்கை விளிம்பில் பின்மண்டையை இடித்துக்கொண்டார். றெக்கையின் பின்விளிம்பு தலை உயரத்தில், கத்திபோல இருக்கும். நல்ல வேளை, தொப்பி இருந்தது. வீக்கத்தோடு போனது. அதே இடத்தில் என் மகன் ஓடிக்கொண்டிருந்தான் என்பதை நினைத்தால் இப்போதும் திக்கென்கிறது. ஓடிப்பிடித்து விளையாட்டை வாசலிலேயே தடை செய்துவிடுங்கள். சின்னக் குழந்தை ஒவ்வொன்றையும் ஒரு பெரியவரின் பொறுப்பில் விடுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஓட்டைகளுக்குள் கை விடாதீர்கள், தலையை நுழைக்காதீர்கள். நின்றுபோன விமானம் குளவிக்கும் பறவைக்கும் வீடு. மழைக்காலத்தில் பாம்பும் ஒதுங்கும். பறக்கும் விமானங்களுக்கே குளவி ஒரு தொல்லைதான். வேகம் காட்டும் குழாய்க்குள் கூடு கட்டிவிடும் என்பதால்தான், தரையில் நிற்கும்போது அதற்கு உறை போட்டுச் சிவப்பு நாடா தொங்கவிடுகிறார்கள்.

இடி மின்னல் வந்தால் றெக்கையின் கீழ் ஒதுங்காதீர்கள். திறந்தவெளியில் நிற்கும் பெரிய உலோகத்தின் அடியில் நிற்பது ஆபத்து. கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

றெக்கை நிழலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம், நாங்களும் கொண்டு போனோம். அருங்காட்சியகத்தைப் பார்த்து முடித்து, போக்மாலோ கடற்கரையில் போய்ச் சாப்பிட்டோம். சோறு சிந்தினால் காகம் வரும், நாய் வரும், எலி வரும். எலி விமானத்துக்குள் புகுந்தால் ஒயரைக் கடிக்கும்.

பெயரைக் கீறாதீர்கள். நம் கோயில் தூண்களுக்குச் செய்ததை இங்கே செய்ய வேண்டாம். கல்லில் கீறினால் அசிங்கம். தகட்டில் கீறினால் பெயின்ட் போய், அந்தக் கோட்டின் வழியே உப்பு உள்ளே இறங்கும். உங்கள் பெயரின் வடிவத்திலேயே விமானம் அரிக்கும்.

பக்கத்தில் இருக்கும் விமானத்தளத்தைப் படம் பிடிக்காதீர்கள். டபோலிம் இன்றும் கடற்படை இயங்கும் தளம். தலைக்கு மேல் பயணிகள் விமானமும் போகும், படை விமானமும் போகும். குழந்தையோடு அண்ணாந்து பார்ப்பது வேறு. ஓடுபாதையையும் வேலிக்கு அப்பால் நிற்பவற்றையும் படம் எடுப்பது வேறு. டிரோன் கொண்டு போவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

குண்டுகளின் முன் "டிஷ்யூம் டிஷ்யூம்" வேண்டாம். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன். உள்ளே டார்பிடோ இருக்கிறது, குண்டுகள் இருக்கின்றன. அதன் பக்கத்தில் குழந்தையை நிறுத்தி, துப்பாக்கி போலக் கையை நீட்டச் சொல்லி ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். 1971 டிசம்பர் போரில் விக்ராந்திலிருந்து எழும்பிய சீ ஹாக்குகள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங் துறைமுகத்தையும் தாக்கின. அலிசேக்களும் போயின. விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் போக முடியாத நிலை. கப்பல் வேகமாகப் போனால்தான் எதிர்க்காற்று கிடைக்கும், எதிர்க்காற்று இருந்தால்தான் விமானம் அந்தக் குறுகிய தளத்திலிருந்து எழும்பும். இருந்தும் அவர்கள் போனார்கள். அது துணிச்சல். அதைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். குண்டு விழுந்த துறைமுகத்திலும் மனிதர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வங்கதேசம் பிறந்தது அந்தப் போரில்தான் என்பதையும் சொல்ல வேண்டும். என் மகள் கேட்டாள், "அந்த ப்ளேன் ஓட்டினவங்களுக்குப் பயமா இருந்திருக்காதா?" இருந்திருக்கும் என்றேன். அதற்குப் பிறகு அவள் கையால் துப்பாக்கி பிடிக்கவில்லை.

அதே காரணத்தால், முன்னாள் படைவீரர் யாரையாவது சந்தித்தால் "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று குழந்தைகள் கேட்காதபடி முன்பே சொல்லிவையுங்கள். எந்த ஊர், எந்தக் கப்பல், சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்கலாம்.

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லாதீர்கள். "அப்பா, இது எவ்வளவு வேகமா போகும்?" என்றால் வாயில் வந்த எண்ணைச் சொல்லாமல், பலகையைப் படித்துப் பார்க்கலாம் வா என்று கூட்டிப்போங்கள். பலகையில் இல்லாவிட்டால் நோட்டில் எழுதிவைத்து வீட்டுக்கு வந்து தேடுங்கள். எங்கள் மகளின் நோட்டில் பதினொரு கேள்விகள் இருந்தன. ஏழுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கடைசியாக, அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சீ ஹாக்கும் சீ ஹாரியரும் பறந்து இறங்கிய அந்தக் கப்பல்கள் இப்போது இல்லை. 1997இல் ஓய்வு பெற்ற பழைய விக்ராந்த் சில காலம் மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. 2014இல் உடைக்கத் தொடங்கினார்கள். சீ ஹாரியர்கள் இறங்கிய விராட் கப்பல் 2020இல் குஜராத்தின் அலாங் உடைப்புத் துறைக்குப் போனது. மிச்சம் இருக்கும் விமானங்களில் சில இந்தப் புல்தரையில் மழையிலும் வெயிலிலும் நிற்கின்றன. வீட்டில் விமானம் பார்த்து வளர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தால், அவரால் நடக்க முடிகிற வருடத்திலேயே கூட்டிப் போய்விடுங்கள். செவ்வாய் முதல் ஞாயிறு வரை திறந்திருக்கும்.